காலம் தப்பி வந்த மனுதாரர்

உயிரோடு இருக்கும் அரசியல்வாதி எவரையும் அவருக்குப் பிடிக்காது. அமைச்சர் ஒருவர் தெருமுனையில் கைகுலுக்க வந்தால் குடையை வலக்கைக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அதே அமைச்சர் செத்து, பேரப்பிள்ளைகள் பரணைச் சுத்தம் செய்து, கடிதம் கிடைத்தது, ஆவன செய்கிறேன் என்று அவர் கிறுக்கிய நாலு வரித் தாள் பாரிசில் துருவோ ஏலக்கூடத்துக்கு வந்துசேரட்டும்: நம்மவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பழைய பிரெஞ்சுத் தலைவர்களின் கையெழுத்துக் கடிதங்களைச் சேகரிக்கும் இந்தக் கனவானை முசியே என்றே அழைப்போம்; ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் புதுச்சேரித் துரைமார்களுக்குக் கொடுத்த மரியாதையை இவருக்கும் கொடுத்ததாக இருக்கட்டும். முசியேவின் பேச்சில் ஆறாம் வேற்றுமை அதிகம். 'என் கிளெமான்சோ', 'என் தலேராண்' என்பார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், மடிப்பைத் தடவுவார், மையை முகர்வார். கடைசியாக, நேரம் இருந்தால், படிப்பார். ஊரார் இவரை வரலாற்றுப் பித்தர் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர் ஒரு மனுதாரர். பெரிய மனிதரின் வாசலில் காலையிலிருந்து காத்துக்கிடந்து, ஐந்து நிமிடம் முகம்கொடுத்துப் பேசமாட்டாரா என்று ஏங்குகிற அதே ஆள்தான். என்ன, வாசலுக்கு வந்துசேர இருநூறு வருடம் தாமதமாகிவிட்டது.

இதற்குச் சாட்சி அவர் தலைமாட்டில் கிடக்கும் ஏலப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தத் தொழிலில் கடிதங்களுக்குத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். முழுக்கத் தலைவரே கைப்பட எழுதி ஒப்பமிட்டது 'எல்.ஆ.எஸ்.'. செயலாளர் எழுத, தலைவர் கீழே ஒப்பம் மட்டும் போட்டது 'எல்.எஸ்.'. நடுவில் ஓர் எழுத்துத்தான் குறைகிறது. விலையில் குறைவது அதைவிட மிக அதிகம். நெப்போலியன் விஷயத்தில் இது பெரிய தலைவலி. அவர் அறைக்குள் நடந்தபடியே சொல்லிக்கொண்டு போக, பூரியென், மெனவால், ஃபேன் என்று மாறி மாறி வந்த செயலாளர்கள் பின்னாலேயே ஓடி எழுதினார்கள். நெப்போலியன் அறக்கட்டளை 2004 முதல் 2018 வரை 15 தொகுதிகளாக வெளியிட்ட கடிதங்கள் 40,000க்கும் மேல். அவற்றில் அவர் கையாலேயே எழுதியவை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் வாசிப்பது வாசிப்பவர் பாடு. ஒப்பமும் வரவரத் தேய்ந்தது: புவொனபார்த்தே என்று இத்தாலிய வாடையோடு தொடங்கி, போனபார்த் ஆகி, முடிசூடிய பின் நெப்போலியன் ஆகி, கடைசியில் 'என்' என்ற ஒற்றை எழுத்தில் வந்து நின்றது. ராஜ்யம் விரிய விரிய ஒப்பம் சுருங்கியது. ஒரு படையையே திருப்பிவிட்ட ஆணை செயலாளர் கையில் இருந்தால் இரண்டாம் தரம். உடம்பு தேவலை என்று மனைவிக்குத் தாமே கிறுக்கிய தாள் முதல் தரம்.

இல்லை, எனக்கு முக்கியம் வரலாறுதான் என்று முசியே மறுப்பார். 2012ல் ஃபோன்டென்புளோவில் நடந்த இரண்டு ஏலங்களை அவர் முன் வைக்கலாம். டிசம்பரில் விற்றது 1812 அக்டோபர் 20 தேதியிட்ட கடிதம்: மாஸ்கோவை விட்டுக் கிளம்பிய நெப்போலியன், 22ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குக் கிரெம்ளினை வெடிவைத்துத் தகர்க்கப்போவதாகத் தம் வெளியுறவு அமைச்சருக்குச் சங்கேத எண்களில் அனுப்பியது. ஒரு பேரரசு சரியத் தொடங்கிய வாரம் அது. அதற்குக் கிடைத்தது 187,500 யூரோ. அதே வருடம் ஜூனில் விற்ற தாள் 1816ல் செயிண்ட் ஹெலினாத் தீவில் எழுதியது. சிறைப்பட்ட மன்னர் நள்ளிரவு தாண்டியும் தூக்கம் வராமல், இங்கிலீஷ் படிக்கும் ஆசையில், தமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த லாஸ் காசுக்கு எழுதிய தப்புத் தப்பான ஒரு பக்கம். அதற்கு 325,000 யூரோ. கிரெம்ளினைவிட வீட்டுப்பாடத்துக்கு விலை கூட! இரண்டே ஏலத்தை வைத்துச் சித்தாந்தம் கட்டக்கூடாதுதான். ரஷ்யக் கடிதமும் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு விலைக்குப் போனது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனாலும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. சங்கேதக் கடிதத்தில் மன்னர் செலவழித்தது ஒப்பம் போடும் நேரம். இங்கிலீஷ் தாளில் உட்கார்ந்து, யோசித்து, எழுத்துக்கூட்டித் தடுமாறியிருக்கிறார். முசியே காசு கொடுப்பது அந்த நேரத்துக்கு. வரலாறு அச்சுப் புத்தகத்தில் மலிவாகவே கிடைக்கிறது.

கையெழுத்தில் மனிதரின் உள்ளம் தெரிகிறதே என்று அடுத்த கட்சி கட்டுவார். அப்படியானால் பதினான்காம் லூயி பக்கம் அவர் போகாமலிருப்பது நல்லது. அந்த மன்னருக்குத் தூசேன் ரோஸ் என்றொரு செயலாளர் இருந்தார். 1701ல் இறக்கும்வரை நாற்பது வருடத்துக்கும் மேலாக அவர் வகித்த பொறுப்புக்குப் 'பேனா வைத்திருத்தல்' என்று பெயர். மன்னரின் கையெழுத்தை அச்சு அசலாக எழுதுவதுதான் வேலை. வேற்று நாட்டு இளவரசருக்கு மன்னர் கைப்பட எழுதியே ஆகவேண்டும் என்று மரியாதை கேட்டால், ரோஸ் கைப்பட எழுதிக் கொடுப்பார். அரண்மனைச் சம்பளத்தில் நடந்த, தண்டனையில்லாத போலிக் கையெழுத்து. கிடைத்த இளவரசரோ மாமன்னர் நமக்காக மெனக்கெட்டிருக்கிறாரே என்று நெகிழ்ந்திருப்பார். கவனியுங்கள்: சொற்கள் மன்னர் ஒப்புக்கொண்டவை, வடிவம் மன்னருடையது, காலம் மன்னருடையது. ஆனாலும் இது ரோஸ் எழுதியது என்று நிபுணர் ஒரு வரி சொல்லிவிட்டால் முசியேவின் முகம் விழுந்துவிடும். ஏன்? மெனக்கெட்டது மன்னர் இல்லையே. உள்ளே அனுப்பிய மனுவுக்குக் குமாஸ்தா வெளியே வந்து பதில் சொன்னால் வாசலில் நிற்பவருக்கு வருகிற கோபம் அது.

சந்தையில் புழங்கும் சரக்கின் தன்மையும் இதற்கு ஒத்துவருகிறது. பழைய தலைவர்கள் எழுதிய கடிதங்களில் தத்துவம் குறைவு, சிபாரிசு அதிகம். பிரான்சின் மூன்றாம் குடியரசில் எம்.பி.யாக இருந்தவரின் காலை நேரம் பெரும்பாலும் அதில்தான் கழிந்தது: இன்னார் விதவைக்குப் புகையிலைக் கடை உரிமம், இன்னார் மகனுக்கு இடமாற்றம், இன்னாருக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பட்டம். 1887ல் குடியரசுத் தலைவர் ழூல் கிரேவியின் மருமகன் வில்சன், மாமனார் மாளிகையில் இருந்துகொண்டே லெஜியன் ஆஃப் ஹானர் விருதுக்கு விலைபேசினார் என்று நாறிப்போனது. விசாரணைக் கோப்பில் இருந்த அவருடைய இரண்டு கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அந்தக் காகிதம் ஆலையில் தயாரானதே கடிதத்தில் இட்ட தேதிக்குப் பிறகுதான் என்று நீர்க்குறி சொன்னது. அசலை எடுத்துவிட்டு யாரோ புதிதாக எழுதிச் செருகியிருந்தார்கள். டிசம்பரில் மாமனார் பதவி விலகினார். சிபாரிசுத் தாள் ஒன்றை முசியே கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டும்போது, கடை உரிமம் கிடைத்ததா இல்லையா என்று விசாரிப்பதில்லை. பெறுநரின் பெயரை அவர் பார்ப்பதே இல்லை. அந்த இடத்தில் தம் பெயரை மனதுக்குள் எழுதி வெகுநாளாகிறது. 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து போனபார்த் மைசூர் திப்பு சுல்தானுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். வழியில் ஆங்கிலேயர் கையில் சிக்கியது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்தார். முசியேவுக்குக் கனவில் வரவேண்டியது அதுபோன்ற கடிதம்தான்: பெறுநர் நாற்காலி காலியாகவே இருக்கிறது.

இந்த ஏக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மிஷேல் ஷாலைவிடப் பெரிய உதாரணம் கிடைக்காது. முட்டாள் இல்லை, வடிவகணிதத்தில் ஐரோப்பாவே மதித்த மேதை, அறிவியல் அகாதெமி உறுப்பினர். 1861 முதல் எட்டு வருடத்தில் வ்ரேன் லூக்கா என்ற ஆளிடமிருந்து இவர் வாங்கியது சுமார் 27,000 கடிதங்கள். கோல் நாட்டுத் தலைவன் வெர்சிங்கெடோரிக்ஸ் எழுதிய கடிதம் அதில் இருந்தது. மகனை மார்சேய் நகரத்துக்குப் படிக்க அனுப்புவதாகக் கிளியோபாட்ரா சீசருக்கு எழுதியதும் இருந்தது. எல்லாரும் பிரெஞ்சிலேயே எழுதியிருந்தார்கள், அதுவும் காகிதத்தில். புவியீர்ப்பை நியூட்டனுக்கு முன்பே பாஸ்கால் கண்டுபிடித்தார் என்று காட்டும் கடிதங்களை 1867ல் ஷால் அகாதெமியில் வாசித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. 1870ல் லூக்காவுக்கு இரண்டு வருடச் சிறை, 500 பிராங்க் அபராதம். ஏமாந்ததற்குப் பேராசை காரணமில்லை என்பது என் எண்ணம். ஷால் ஒரு கடிதத்தையும் விற்க நினைத்தவரில்லை. பிரான்சே எல்லாவற்றிலும் முந்தியது என்று ஒரு மனு அவர் நெஞ்சில் இருந்தது. அதற்குச் சாதகமான பதிலை, கேட்ட கேட்ட தலைவரிடமிருந்தெல்லாம், லூக்கா தபாலில் வரவழைத்துக் கொடுத்தார். சாதகமாகப் பதில் வந்த பிறகு எந்த மனுதாரர் முத்திரையைப் பரிசோதிக்கிறார்?

நிபுணர்கள் எதற்கு இருக்கிறார்கள் என்று கேட்கலாம். லூக்கா வழக்கை அலசி அப்போதே ஆராய்ச்சி எழுதியவர்களில் ஒருவர் எத்தியேன் ஷராவே; கடித வியாபாரத்தில் பேர்பெற்ற குடும்பம். அதே ஷராவே 1894ல் உளவுத் தாள் ஒன்றைப் பார்த்து, அது கேப்டன் டிரைஃபசின் எழுத்து என்று கருத்துச் சொன்னார். 1899ல் ரென் நகர விசாரணையில், தாம் சொன்னது தவறு, அது எஸ்டர்ஹாசியின் எழுத்து என்று எல்லார் முன்னிலையிலும் திருத்திக்கொண்டார். அந்த நேர்மைக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அதற்குள் அந்த ஐந்து வருடத்தில் பெரும்பகுதியை நிரபராதியான டிரைஃபஸ் பிசாசுத் தீவுச் சிறையில் கழித்திருந்தார்.

முசியேவின் பக்கத்தில் இருக்கும் வலுவான வாதத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் போன்றவர்கள் இல்லையென்றால் தாள் மிஞ்சியிருக்காது. புரட்சிக் காலத்தில் நிலப்பிரபுக்களின் பத்திரங்களைச் சட்டம் போட்டே கொளுத்தினார்கள். பழைய தோலாவணங்கள் வெடிமருந்துப் பொதி செய்யப் போயின. தாத்தாவின் கடிதங்கள் பேத்தியின் அடுப்புக்குப் போகாமல் காத்தது பல வீடுகளில் வியாபாரிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காப்பாற்றுவதுதான் ஆசை என்றால், கடிதம் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும் நாள் அவருக்குத் தீபாவளியாக இருக்கவேண்டும். நடப்பது நேர்மாறு. பிரெஞ்சுச் சட்டத்தில் முன்னுரிமைக் கொள்முதல் என்று ஒன்று இருக்கிறது. ஏலம் முடிந்து சுத்தி விழுந்த பிறகு, பின்வரிசையிலிருந்து சாதுவாக ஒருவர் எழுந்து அரசின் சார்பில் ஒரு வார்த்தை சொல்வார். அந்த விலைக்கே பொருள் அரசுக்கு. உறுதிசெய்ய 15 நாள் அவகாசம். 2011 மே மாதம் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியரின் கையெழுத்துப் பிரதிகள் பாரிசில் ஏலத்துக்கு வந்தபோது இதுதான் நடந்தது. சுமார் பத்து லட்சம் யூரோ. அறிஞர்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியிருந்தார்கள். வரலாறு பத்திரமாயிற்று. ஏலத்தில் வென்றவருக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்பதை, நாள் முழுக்க வரிசையில் நின்று ஜன்னல் மூடிய அனுபவம் உள்ளவர்களே சொல்லவேண்டும்.

வெறும் முதலீடுதானே என்று அலட்சியமாகச் சொல்பவர்களும் உண்டு. அரிஸ்டோஃபில் என்ற பாரிஸ் நிறுவனம் கையெழுத்துப் பிரதிகளில் பங்கு போட்டு ஏறக்குறைய 18,000 பேரிடம் 85 கோடி யூரோ அளவுக்குத் திரட்டியது, 2015ல் திவாலானது, 2017 டிசம்பரிலிருந்து சரக்கெல்லாம் தொகுதி தொகுதியாக ஏலத்துக்கு வந்தது. பணம் போட்டவர்களில் பலர் தம் பங்கிலிருந்த தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். அவர்கள் வேறு இனம். முசியே அவர்களோடு காபி குடிக்கமாட்டார்.

அந்த நிறுவனத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்திடம் ஜெனரல் தெ கோல் லண்டனில் கைப்பட எழுதிய தந்தி வரைவுகள் 300க்கும் மேல் இருந்தன, 1940 முதல் 1942 வரை எழுதியவை. அடித்தல், திருத்தல், மேலே செருகிய சொல் என்று எல்லாமே முதல் தரம். அரசு அவற்றைப் பொதுச் சொத்து என்று கேட்டது; அரசுப் பணியில் எழுதிய தாளைப் பிரான்சில் யாரும் விற்கவும் முடியாது, எவ்வளவு வருடம் வைத்திருந்தாலும் சொந்தமாக்கவும் முடியாது. தாள்களை விடாமல் வைத்துக்கொள்ள ஒரே வழி, இவை பொது ஆவணங்கள் அல்ல என்று வாதாடுவது. வாதத்தை அதன் கடைசிவரை கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள்: லண்டனில் அந்த வருடங்களில் இருந்தது பிரான்ஸ் அல்ல, பிரான்சிலிருந்து போன ஒரு தனிமனிதர். ஜெனரலின் ஒவ்வொரு காற்புள்ளியையும் கும்பிடுகிறவர், தாளுக்காக ஜெனரலைச் சாதாரண ஆளாக்க வேண்டியிருக்கிறது. நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அதை ஏற்கவில்லை. அவர் தலைமையிலான சுதந்திர பிரான்சே அப்போது நாட்டின் இறையாண்மையைச் சுமந்தது என்று சொல்லித் தாள்களை அரசுக்குக் கொடுத்தது. அவர் பிரான்ஸ் இல்லை என்ற கட்சியை 1940 ஆகஸ்டிலேயே கட்டியது, அப்போது நாட்டுக்குள் ஆட்சி நடத்திய விஷி அரசின் ராணுவ நீதிமன்றம். அது ஜெனரலுக்கு, அவர் இல்லாமலேயே, மரண தண்டனை விதித்தது.