ஓசூரில் ஒரு முக்குளிப்பு

ஓசூருக்குக் கடல் கிடையாது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனாலென்ன? சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி மூச்சடக்கி முக்குளிக்கப் பழகுகிறார். நீளத் துடுப்பை மாட்டி உதைத்ததில் தொடை பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குகிறார். “லாக்டிக் அமிலம் சார்!” அது ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும், மறுநாள் வலிப்பது தசைநாரின் நுண்கிழிசல். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் விவரமானவர்கள்: இறங்கக் கல், ஏற்றிவிடக் கயிறு இழுக்கும் ஆள். தோள்வலி அவருக்கு. தம்பிக்கு வேண்டியது இரண்டு நாள் ஓய்வும் தூக்கமும். சூப்பர்வைசர் இரண்டுக்கும் ஒப்பவில்லை. மூச்சடக்கும் பயிற்சிக்கு மட்டும் குறைச்சலில்லை. பெங்களூருக் கழிவோடு வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரைத்துப் பொங்கும் நாளில், அக்கம்பக்கத்து ஊரே இலவசமாகப் பழகிக்கொள்கிறது.