இடைக்கோடா, அடிக்கோடா: ஸ்பிரிங்வெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜேசன் என்னும் தரவுக் கோப்பில் கிடக்கும் நிறங்களைக் கல்ப் என்னும் கருவியால் வலைப்பக்கத்துக்கு அழகூட்டும் சாஸ் மொழியின் மாறிகளாக்குவது குறித்து ஆராய ஒன்றுமில்லை என்பார் உளர். அவர்களை மறுப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், ஊவாவின் பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளி. அவ்வூர்த் தேயிலைக்கு ஒரு வலைப்பக்கம் செய்வதாகக் கொள்வோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுவதைக் காட்டும் வரைபடத்துக்கும், பக்கத்தின் தலைப்புக்கும் ஒரே செந்நிறம் வேண்டும். தனித்தனியே எழுதினால் ஒன்றை மாற்றி மற்றதை மறப்போம். ஆகவே ஜேசனில் ஒருமுறை எழுதி, வரைபடத்துக்கு நேரேயும் சாஸுக்குக் கல்ப் வழியேயும் அனுப்புகிறோம். இதைச் சொல்ல ஒரு பத்தி போதும் என்பது ஆய்வுலகின் பெருந்துயரம்.

இயல் ஒன்று, டொலர்க் குறி. சாஸ் மாறி ஒவ்வொன்றும் இக்குறியோடு தொடங்கும். தேயிலை ஈட்டிய டொலர் தோட்ட லயத்துப் பிள்ளையின் கைக்கு வந்துசேர்ந்த வழி இதுவே.

இயல் இரண்டு, காற்புள்ளி. கடைசி உருப்படிக்குப் பின் வந்தால் ஜேசன் பொறுக்காது.

இயல் மூன்று, ஊர்ப்பெயர். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல். ஜேசனின் சாவிக்குள் இடைவெளி நிற்கலாம். சாஸ் மாறியின் பெயருக்குள் நிற்காது. அப்படியே கடத்தினால் வேலை அவ்வரியிலேயே நின்றுவிடும். எனில், இரு சொல்லையும் எதனால் பிணைப்பது? இங்கே அறிஞர் உலகம் பிளவுபடுகிறது. சாஸின் தாய்மொழியான சிஎஸ்எஸின் மரபே இடைக்கோட்டு மரபுதான் என்பர் இடைக்கோட்டார் (காண்க: கோப்பு, வரி 7). இடைக்கோடு கழித்தல் குறியுமாகும். ஸ்பிரிங்கிலிருந்து வெளியைக் கழித்தால் மிஞ்சுவது யாது என்பர் அடிக்கோட்டார் (காண்க: அதே வரி, காற்புள்ளிக்கு இடப்புறம்). பெயருக்கடியில் கோடிழுத்தால் அடிக்கோடு கண்ணுக்கே தெரியாது, தெரியாததை ஆதாரமாக்குவது சில பேராசிரியர்க்கே உரியது என்பது எதிர்மறுப்பு (காண்க: மேற்படி காற்புள்ளியின் வால், தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலின் பின்னட்டையில் பென்சிலால் எழுதி, மழையில் கரைந்து, நான் நினைவிலிருந்து மீட்ட பாடம். எழுதியவர், மீட்டவர், மேற்கோள் காட்டுபவர் மூவரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை). தரப்புக்கொரு கருத்தரங்கு, ஒரு மலர், நான்கு பொன்னாடை என்று வைத்தாலும் இவ்வழக்கு ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

ஒரு சிறு இடையூறு. சாஸ் இவ்விரு கோடுகளையும் ஒன்றாகவே கொள்கிறது. தொடக்க காலத்தில் அது அடிக்கோட்டை மட்டுமே ஏற்றது. பின்னர் சிஎஸ்எஸுக்கு இணங்க இடைக்கோட்டையும் ஏற்றபோது, பழைய கோப்புகள் கெடாதிருக்க இரண்டையும் சமமாக்கிவிட்டார்கள். ஒன்றால் அறிவித்த மாறியை மற்றதால் அழைத்தாலும் வரும். இத்தகவல் பின்னிணைப்பில், சிறிய எழுத்தில் தரப்படும்.

இயல் நான்கு. மாறிக்குத் தமிழிலேயே பெயரிட்டாலும் சாஸ் ஏற்கும். தமிழில் ஸ்பிரிங்வெளி ஒரே சொல், எக்கோடும் வேண்டாம். மூன்றாம் இயலுக்கு ஊறு விளைவிப்பதால் இத்தீர்வு நிராகரிக்கப்படுகிறது.