கொப்பரை மண்டிக்குப் புதுக் கணக்குப்பிள்ளை

வாங்க சின்ன மொதலாளி, உக்காருங்க. மண்டிக்கு சர்வர் வாங்கறீங்களாமா? விக்கறவன் ரெண்டரை லட்சம்னானாம், நீங்களும் தலையாட்டிட்டு வந்தீங்களாம். எனக்கென்னங்க தெரியும், உங்க தாத்தன்கிட்டச் சிட்டை எழுதுன ஆளு. ஒம்போது கம்ப்யூட்டருக்கு எதுக்குங் தம்பி அத்தாப்பெரிய பெட்டி? கொப்பரையை அதுக்குள்ளயே காயப்போடறீங்களா?

இப்ப இருக்கறது ஆக்சஸ் ஃபைலு. அதைப் பொது ஃபோல்டர்ல போட்டு, ஒம்போது பேரும் நேரா கைய விடறீங்க. எடை போடற பையன் எழுதிட்டிருக்கையில கரண்டு போச்சுன்னா, பக்கம் அரைகுறையா நின்னுக்கும். வெடியால வந்து பாத்தா ஃபைலு தொறக்காது. அது 2 ஜிபிக்கு மேல வளரவும் வளராது. எஸ்கியூலைட்டு ஓசிதானேன்னு அந்தப் பக்கம் சாய்ஞ்சிறாதீங்க. ஒரே கம்ப்யூட்டருக்குள்ள அது தங்கம். நெட்வொர்க் ஃபோல்டர்ல வெச்சா வம்புன்னு செஞ்சவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

சர்வருங்கறது பெட்டியில்லீங்க, கணக்குப்பிள்ளை. பேரேட்டை அவன் ஒருத்தன்தான் தொடுவான். மத்தவங்க சொல்லி எழுதிக்கோணும். நான் எப்படி எழுதுவேன்? மொதல்ல சிட்டையில குறிப்பேன், பொழுதோட பேரேட்ல ஏத்துவேன். போஸ்ட்கிரெஸ்ஸுங்கற டேட்டாபேஸ் சர்வரும் அதையேதான் பண்ணுது. லாக்குங்கற சிட்டையில எழுதி டிஸ்குல எறக்குன பின்னாலதான் 'ஆச்சு'ங்கும். கரண்டு போய் வந்தா லாக்கைப் படிச்சு, முடிஞ்சதை ஏத்தும், பாதியில நின்னதைத் தள்ளிரும். நான் செஞ்சப்ப உங்க தாத்தன் இதுக்குத் தனியாச் சம்பளம் குடுக்கலீங்க.

எதை எடுக்கறதா? மைக்ரோசாஃப்ட்டோட எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஓசி. 2022 பதிப்பு வரைக்கும் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான். ராத்திரி தானாக் காப்பி எடுக்கற ஏஜென்ட்டும் அதுல கெடையாது. நீங்கதான் வேற வழி பண்ணிக்கோணும். மைஎஸ்கியூஎல்னு ஒண்ணு, செஞ்சவரு தன் மவ பேரை வெச்சாரு. அது கைமாறி 2010-ல ஆரக்கிள்கிட்டப் போச்சு. மனுசன் முந்தின வருசமே தனியாப் பிரிச்சு, அடுத்த மவ பேருல மரியாடிபின்னு ஆரம்பிச்சுட்டாரு. மவ பேருல தொழில் தொடங்கறது நம்மூருல மட்டுந்தான்னு நெனைச்சிருந்தேன். போஸ்ட்கிரெஸ் 1986-ல பெர்க்லி காலேஜுல தொடங்குனது. என்னைக் கேட்டா அதைத்தான் சொல்லுவேன். போட்டதும் பக்கத்துக் கம்ப்யூட்டரோட பேசலேன்னு திட்டாதீங்க. சொல்லாம வெளியாளுக்குக் கதவைத் தொறக்காது, அம்புட்டுத்தான். நீங்களும் ஆபீசு வரைக்கும் தொறந்து விடுங்க, இன்டர்நெட்டுக்குத் தொறந்துறாதீங்க.

நாஞ் சொல்லி என்னங்க? உங்க பில்லிங் சாஃப்ட்வேர் எதோட பேசும்னு அதை எழுதுன பையனைக் கேட்டீங்களா? கேக்கலியா! பொண்ணைக் கேக்காம மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்திருக்கீங்க. ராத்திரி பத்து மணிக்கு சர்வரு படுத்துக்கிச்சுன்னா எழுப்பறதுக்கு உள்ளூருல ஆள் இருக்கா? அதை மொதல்ல பாருங்க. பெட்டி சாதாரணமாப் போதும். நல்ல எஸ்எஸ்டி ரெண்டு, யூபிஎஸ் ஒண்ணு. யூபிஎஸ்ல காபி மெசினைச் சொருகாம இருந்தாச் சரி.

அப்பறம் தம்பி, போன மாசக் கணக்குக்குக் காப்பி எடுத்தீங்களே, அது எங்கீங்க?

ஓ... அதே கம்ப்யூட்டர்ல, டி டிரைவ்ல. பத்திரமா இருக்குதா. தொறந்து பாத்தீங்களா?

சரி சரி, போயிப் பாத்துட்டு வாங்க. நான் அந்தப் பழைய பேரேட்டைத் தூசி தட்டி வெக்கறேன்.