முட்டைக்கு வெயில் காட்டியவன்

பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் படமெடுப்பது எப்படி என்று நான் மணிக்கணக்கில் பேசுவேன். பேசும்போது யாரும் என் கேமராவை வாங்கிப் பார்த்துவிடக் கூடாது. அதிலுள்ள பறவைகளில் பாதி என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

சிவப்பு மூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. ஏரியோரப் பொட்டலில் லேசாகக் குழித்து, சரளைக்கு நடுவே முட்டையிடும். எது கல், எது முட்டை என்று தெரியாது. கோடையில் அந்தத் தரை கொதிக்கும். அப்போது அடைகாப்பது என்றால் சூடேற்றுவது அல்ல, நிழல் கொடுப்பது. தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். இதெல்லாம் தெரிந்தவன் நான். தெரிந்ததால்தான் வந்தது வினை. அந்த நனைந்த வயிற்றைப் படமெடுத்தே தீருவதென்று உச்சிவெயிலில் பக்கத்திலேயே குப்புறப் படுத்தேன். பறவை தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பழகிவிடும் என்று அதன் சார்பில் நானே முடிவு செய்தேன். முட்டை வேகுமே என்று தோன்றவில்லை. முதுகு வேகிறது என்றுதான் தோன்றியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, “தம்பி, நீ கொஞ்சம் அந்தாண்ட போனீன்னா அது வந்து உக்காருமே?” என்றார். இலை தழை அச்சிட்ட சட்டை போட்டிருந்த என்னை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடித்தார் என்பதே அப்போது என் கவலை.

இன்னொரு நாள் செல்போனில் குக்குறுவானின் குரலைப் போட்டேன். தன் எல்லைக்குள் போட்டிக்காரன் புகுந்துவிட்டான் என்று நிஜக் குக்குறுவான் அத்திப்பழத்தை விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் தேடி அலைந்தது. நடுவில் கடன் வேண்டுமா என்று கேட்டு ஓர் அழைப்பு. இருவருமே ஏமாந்தோம். ஆந்தைப் பொந்தின் படத்தை இடத்தின் பெயரோடு பதிவிட்டதும் உண்டு. அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் கார் நிறுத்த இடமில்லை, எனக்கும்தான்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூட ஒத்துக்கொள்கிறார்கள். நான் செய்த தியாகம், கேமராவைச் சத்தமில்லாத ஷட்டருக்கு மாற்றியது. அதையும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பின்னால்தான் புரட்டினேன். காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதையும் அது வேட்டைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது. துப்பாக்கிக்காரர்களை நான் திட்டி எழுதியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

இப்போது முட்டை, குஞ்சு, பொந்து எதையும் படமெடுப்பதில்லை. ஆள்காட்டி கத்தினால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன். கூட்டுப் படங்களை அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் நண்பர்களே, தயவுசெய்து அனுப்பாதீர்கள். பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.