கையெழுத்துதானே, போடுதேன் மருமவனே

வா மருமவனே, உக்காரு. திண்ணையில ஈரம் கெடக்கும், அத்தை இப்பத்தான் கழுவிவிட்டா. அந்தப் பக்கமா ஒதுங்கிக்க. கருப்பட்டிக் காப்பி வருது. கையில என்ன, பைலா? அடேயப்பா, நாலு பக்கம்! அடுத்த மாறுதல்ல நம்ம சேகரத்துக்கு ஒரு அம்மா குருவானவரா வரப்போறாவன்னு டவுண்ல இருந்து எவனோ போன்ல சொன்னானாம். அதுக்குள்ள மனு அடிச்சு, பிரிண்டு எடுத்து, பின்னும் குத்தியாச்சு. கோயில் கூரை ஒழுகுதுன்னு மூணு வருசமா ஒரு மனு எழுத ஆளில்லை. நம்ம கமிட்டிக்கு இம்புட்டு சுறுசுறுப்பு உண்டுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது.

கையெழுத்துதானே, போடுதேன். 'முன்னாள் செயலாளர்'னு அடியில எழுதியும் தாரேன். ஆனா பேராயர் கைக்குப் போற காயிதம். ஓட்டை இருக்கப்பிடாது. ஒருதரம் வாசிச்சு, அங்கங்க ரெண்டு வரி சேத்துத் தாரேன். கோவிச்சுக்கிடாத.

மொதப் பக்கத்துல நடைமுறைச் சிக்கல்னு போட்டிருக்க. சரியான பேச்சு. ஆனா பெரிய சிக்கலை விட்டுட்டியே! குருவானவரை ஐயருங்கோம், அவுக வீட்டம்மாவை ஐயரம்மாங்கோம். அந்த அம்மாவே ஐயரா வந்தா, அவுக வீட்டுக்காரரை என்னன்னு கூப்பிட? ஐயரய்யான்னா ரெண்டு தடவை கூப்பிட்ட மாதிரி இருக்கு. சும்மா 'சார்'னா மரியாதை காணாது. இதுக்கு ஒரு வழி சொல்லுங்கன்னு பேராயரைக் கேளு. ராத்திரி அவரு தூங்கமாட்டாரு.

இன்னொண்ணும் சேத்துக்க. நான் விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஒரு பதினஞ்சு ஐயர்மாரைப் பாத்துட்டேன். ஒருத்தர் சம்பளத்துக்கு ரெண்டு பேர் வேலை வாங்கிட்டுத்தான் இருந்தோம். பாடகர் குழுவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தது ஐயரம்மா. பெண்கள் சங்கத்துக்குத் தலைவி ஐயரம்மா. சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடகம், பிள்ளை பெத்த வீட்டுல ஜெபம், புருசன் குடிச்சுட்டு அடிச்ச வீட்டுல பஞ்சாயத்து, எல்லாம் ஐயரம்மா. அப்பல்லாம் எந்த வசனமும் குறுக்க வரலை. அதே அம்மாவுக்கு ஒரு அங்கியும் சம்பளமும் கொடுக்கணும்னு வந்த ஒடனே, நம்ம ஊர்ல இருக்குத அத்தனை பைபிளும் தன்னால தொறந்துகிட்டு. "சம்பளம் இல்லாட்டி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு ஒரு வரி போடு. மனு சுருக்கமாயிரும்.

ரெண்டாம் பக்கம் வசனம். 1 தீமோத்தேயு ரெண்டாம் அதிகாரம், பன்னெண்டாம் வசனம். உபதேசம் பண்ணவும் ஆம்பளை மேல அதிகாரம் செலுத்தவும் பொம்பளைக்கு உத்தரவில்லைன்னு பவுலடியார் எழுதுத இடம். பிடிச்சாலும் புளியங்கொம்பாத்தான் பிடிச்சிருக்க. ஆனா பேராயரும் பைபிள் வச்சிருப்பாரு பாத்துக்க. அந்தப் பக்கத்தைத் தொறந்தா கண்ணு கொஞ்சம் மேல போவும். ஒம்பதாம் வசனத்துல, பொம்பளைய தலைமயிரைப் பின்னி, பொன்னு முத்துன்னு போட்டு அலங்கரிக்கப்பிடாதுன்னு இருக்கு. உன் கல்யாணத்துக்கு உங்கம்மா எத்தனை பவுன் கேட்டா? பொண்ணு வீட்டுத் திண்ணையில எண்ணிப் பாத்தது நான்தான். ரெண்டு பவுன் கொறஞ்சதுக்கு மறுவீட்டுல பெரிய சண்டை. அன்னைக்குப் பவுலடியாரை யாரும் கூப்பிடலை. அவரு பந்தியில சாப்பிட்டுட்டு சத்தமில்லாம போயிட்டாரு.

இன்னும் ஒரு வரி மேல ஏறு, எட்டாம் வசனம். அது ஆம்பளைக்கு. கோவமும் தர்க்கமும் இல்லாம கையெடுத்து ஜெபம் பண்ணணுமாம். போன கமிட்டித் தேர்தல்ல எத்தனை நாற்காலி ஒடைஞ்சுது? நீ கையெடுத்த, நான் பாத்தேன். எதிரணிக்காரன் சட்டைக் காலர்ல எடுத்த. கேஸு இன்னும் கோர்ட்டுல வாய்தா வாய்தாவா ஓடிட்டிருக்கு. எட்டாம் வசனத்தைச் சாடித் தாண்டி, ஒம்பதாம் வசனத்தைப் பீரோவுல பூட்டி வச்சுட்டு, பன்னெண்டாம் வசனத்துல போயி தொம்முன்னு உக்காந்திருக்கியே, முழங்கால் வலிக்கலையா? மூணையும் வரிசையா எழுது. 'நாங்க மூணையும் கைக்கொள்ளுதோம்'னு சத்தியம் பண்ணு. மனுவுக்குத் தனிக் கனம் வந்துரும். அதே நிருபத்துல தீமோத்தேயுவோட வயித்துக்குக் கொஞ்சம் திராட்சரசம் நல்லதுன்னும் ஒரு வசனம் உண்டு. அதை மட்டும் நம்ம ஊர்ல எவனும் மறந்ததே இல்லை.

காப்பி வந்துட்டு. குடி. அத்தை கதவு நிலையிலேயே நிக்கா பாரு, காது கொஞ்சம் மந்தம்னு சொல்லுவா. நம்பாத.

ராத்திரி சாவு விழுந்தா கல்லறைத் தோட்டத்துக்குப் பெண் குருவானவர் எப்பிடி வருவாவன்னு கேட்டிருக்க. அருமையான கேள்வி. ஆனா ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் நாலு மணிக்கு நீயும்தானே கோயிலுக்கு வருத? பாதித் தூக்கத்துல இருந்தாலும் அந்தப் பாடம் காதுல விழுந்திருக்குமே. இருட்டோட கல்லறைக்குப் போனது யாரு? மகதலேனா மரியாள். அவ வந்து விசயத்தைச் சொன்னப்ப நம்ம அப்போஸ்தலர் கமிட்டி என்ன பண்ணிச்சு? பதினோரு பேரு. இந்தப் பொம்பளைய பேச்சு வீண்பேச்சுன்னு தள்ளிட்டாவ. அன்னைக்குச் சாயங்காலம் பயந்து கதவைப் பூட்டிட்டு உள்ள இருந்தாவ. உயிர்த்தெழுந்த சேதி நம்ம மதத்துக்கே அஸ்திவாரம். மொத மொத அதைச் சொல்லச் சொல்லி ஒரு பொம்பளைகிட்டத்தான் ஒப்படைச்சிருக்கு. அந்த நேரம் பேதுருகிட்ட ஒரு பிரிண்டர் இருந்திருந்தா அவரும் மனு போட்டிருப்பாரோ என்னமோ. அந்தக் கல்லறைத் தோட்ட வரியை மட்டும் அடிச்சிரு மருமவனே. மாட்டிக்கிடுவ.

மூணாம் பக்கத்துல 'நம் முன்னோர் வகுத்த வழக்கம்'னு எழுதியிருக்க. அங்க கொஞ்சம் நில்லு. முன்னோர்னா யாரு? பாளையங்கோட்டைக்கு மாசம் நாலு தடவை மீட்டிங்குன்னு போற, பாப்பாத்தியம்மா கோயிலை என்னைக்காவது ஏறிட்டுப் பாத்திருக்கியா? அது குளோரிந்தா கட்டின கோயில். மராத்திய பிராமண விதவை. தஞ்சாவூர்ல இருந்து வந்தவ. ஒரு வெள்ளைக்கார அதிகாரிகூட இருந்தா. ஞானஸ்நானம் கேட்டா, கல்யாணம் இல்லாம ஒருத்தர்கூட இருக்குத, தரமுடியாதுன்னு மிஷனரி சுவார்ட்சு ஐயரு மறுத்துட்டாவ. அந்த அதிகாரி செத்த பெறவு, 1778-ல கொடுத்தாவ. 1780-ல பாளையங்கோட்டைச் சபைக்கு மொத மொத ஒரு பேர்ப்பட்டியல் எழுதினாவ. நாப்பது பேரு. மொதப் பேரு அவ பேருதான். 1785-ல அவ முன்னின்னு கட்டின கோயிலைச் சுவார்ட்சு ஐயரு வந்து பிரதிஷ்டை பண்ணினாவ. அங்க ஊழியம் பாத்த சத்தியநாதன் ஐயருக்குக் குருப்பட்டம் கிடைச்சது 1790-ல.

வருசத்தைக் கூட்டிக் கழிச்சுப் பாரு. கோயில் எழும்பி அஞ்சு வருசம் கழிச்சுத்தான் அங்க ஊழியம் பாத்த தமிழாளு அங்கி போட்டாவ. 'முன்னோர் வழக்கப்படி'ன்னு நீ எழுதினா, மொத கையெழுத்தை அந்தம்மாகிட்டத்தான் வாங்கணும். அவுக கல்லறையில இருக்காவ. ராத்திரியில போகாத, பயந்துருவ.

அப்புறம் இது 'மேல்நாட்டு நாகரிகம்'னு எழுதியிருக்க. இதை எழுதும்போது நீ பேண்டு போட்டிருந்தியா, வேட்டி கட்டியிருந்தியா? சரி, விடு. நம்ம தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல சென்னை ஜார்ஜ் பேராலயத்துல உருவாச்சு, அது ஒனக்குத் தெரியும், ஒவ்வொரு வருசமும் கேக்கு வெட்டுத. 2013-ல நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மாவைப் பேராயராக்குனாவ. ஆந்திரா. பொம்பளை பேராயரு. அமெரிக்கா, நியூசிலாந்துல அதுக்கு முந்தியே உண்டு, நான் இல்லைங்கலை. ஆனா நமக்குப் பாமாலையும் அங்கியும் கேக்கும் அனுப்புன இங்கிலாந்துத் திருச்சபை இருக்கே, அவுகளுக்கு மொதப் பெண் பேராயர் வந்தது 2015 ஜனவரியில. நம்மளுக்கு அடுத்துத்தான்.

அதுக்கு முந்தி 2012-ல அவுக இதை ஓட்டுக்கு விட்டாவ. பேராயர்மார் சரின்னுட்டாவ. குருமார் சரின்னுட்டாவ. சபையார் அவையிலதான் ஆறு ஓட்டு கொறஞ்சு தோத்துது. கமிட்டிக்காரன் எந்த ஊர்லயும் கமிட்டிக்காரன்தான் பாரு. இதுல வேண்டாம்னு ஓட்டுப் போட்டவுகள்ல பொம்பளையளும் உண்டு. அதுவும் உள்ளதுதான். உன் மாமியாருகிட்டக் கேட்டா, பேனாவைப் பிடுங்கி ரெண்டு கையெழுத்தாப் போட்டுத் தருவா. பிறகு அங்கயும் 2014-ல நிறைவேறிட்டு. 2025-ல காண்டர்பரி தலைமைப் பேராயர் பதவிக்கே ஒரு அம்மாவைப் பேர் சொல்லிட்டாவ, சாரா முல்லாலி. முந்தி நர்ஸா இருந்தவுக. ஊசி போட்ட கையி, ஆசீர்வாதம் பண்ணாதா என்ன?

பக்கத்து ஊர் ஆர்.சி. கோயில்லயும் கேட்டேன். அவுகளுக்கு போப்பாண்டவரு 1994-லயே பொம்பளைக்குக் குருப்பட்டம் கெடையாதுன்னு எழுதி வச்சுட்டாவ. அங்க கன்னியாஸ்திரீகளுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அநாதைப் பிள்ளைய. பலிபீடம் மட்டும் இல்லை. அது அவுக வீட்டு வழக்கு, நம்ம அதுல மூக்கை நுழைக்க வேண்டாம். நம்ம வீட்டுல சட்டம் எப்பவோ கதவைத் தொறந்துட்டு. நீதான் வாசப்படியில கட்டிலைப் போட்டுப் படுத்திருக்க.

நாலாம் பக்கம். கடைசி வரி. 'பெண்களுக்கு நிர்வாக அனுபவம் இல்லை.' இதை எழுதினது நீயா, கம்ப்யூட்டரா?

எந்திரிச்சு இங்கன வா. அடுக்களைக்குள்ள எட்டிப் பாரு, செருப்பைக் கழட்டிட்டு. அரிசிப் பானைக்கு எடப்பக்கம் ஒரு சின்ன ஓலைப்பெட்டி தெரியுதா? கருத்துப்போய் வாயில பீத்தத் துணி கட்டினது? பிடியரிசிப் பெட்டி. ஒங்க அத்தை ஒலை வைக்குமுந்தி அரிசியை அளப்பா. அளந்ததுல இருந்து ஒரு பிடி அள்ளி இதுல போட்ட பெறவுதான் களைவா. அம்பத்திரண்டு வருசம். பனையில பதனி வத்திப் போன வருசத்துலயும் போட்டா. அந்த வருசம் ஒரு நாளு, ரெண்டாவது பயலுக்குச் சோறு காணலை. அவ தன் பங்குல இருந்து அவனுக்குக் கொடுத்தா, பெட்டியில இருந்து எடுக்கலை. நான் கேட்டேன். 'அது நம்மது இல்லை'ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

மாசக் கடைசியில எல்லா வீட்டுப் பெட்டியும் கோயிலுக்குப் போவும். சங்கத்துப் பொம்பளைய அளந்து, கணக்கு எழுதி, வித்து, ரூவாயைக் கட்டுவாவ. ஒரு உழக்கு பிசகாது. கோபுரத்து மணி அதுலதான் வந்துது. அறுப்பின் பண்டிகையில அந்தக் கணக்கை வாசிச்சது யாரு? செயலாளர், நான். தொண்டையைச் செருமிட்டு வாசிச்சேன், என்னமோ நான் களைஞ்ச அரிசி மாதிரி. மணிக்குக் கீழ கல்லுல வெட்டின பேரும் நம்ம பன்னெண்டு பேருதான். அப்ப உங்கப்பன் பேரும் உண்டு. பிடியரிசின்னு ஒரு எழுத்துக் கெடையாது. எனக்கும் அன்னைக்கு அது தோணலை, கேட்டியா. பொய் சொல்லமாட்டேன்.

கோயில் அசன விருந்தைப் பாரு. நம்ம ஊர் ஆம்பளை வீட்டுல தண்ணி மோந்து குடிக்கமாட்டான். அசனத்துக்கு ஆயிரம் பேருக்குக் கறிக்கொழம்புன்னா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு அண்டா பக்கத்துல நிப்பான். வீட்டு அடுப்புல புகைதான் மிச்சம். கோயில் அடுப்புல மாலை மரியாதை உண்டுல்லா?

சரி, நேரமாச்சு. பேனா கொண்டா. ம், இந்த எழுத்து எனக்குத் தெரியலையே. கண்ணாடி அத்தைகிட்ட இருக்கு. அவதான் காலையில வேதம் வாசிக்கப் போட்டிருந்தா. ஏட்டி, இங்கன வா. மருமவன் மனுவைக் கொஞ்சம் வாசி. ஒனக்குப் பரமண்டல ஜெபம் சொல்லித் தந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா மருமவனே? இவதான். சண்டே ஸ்கூல்ல இவ பின்னால ஒளிஞ்சுட்டு நின்னு அழுவ. மூக்கு வடியும்.

பாத்தியா, மொத வரியிலேயே ஒரு பிழை கண்டுபிடிச்சுட்டா. 'பேராயர்'ல ரெண்டு காலு போட்டிருக்கியாம்.

திருத்தி வேற பிரிண்டு எடு. வியாழக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் பெண்கள் சங்கக் கூடுகை. நூறு பேராவது வருவாவ. அங்க கொண்டுபோய் சத்தமா வாசி. நாலு பக்கமும் வாசி, ஒண்ணும் விட்றாத. அந்த நூறு பேரும் கையெழுத்துப் போட்டா, நூத்தியொண்ணாவது என் கையெழுத்து. நானும் கூட வருதேன் மருமவனே, பயப்படாத. வாசல் ஓரமா, செருப்புப் பக்கத்துல நிப்பேன்.