பட்டத்து அண்ணன்

பாட்டி வீடு என்று ஒன்று இருந்து, அதில் கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் கூடுகிற சம்பிரதாயமும் இருந்துவிட்டால், அந்தக் கூட்டத்துக்கு ஒரு பட்டத்து அண்ணன் தானாகவே தோன்றிவிடுவான். அவன் பெரியப்பா பிள்ளையா, அத்தை மகனா, பெரியம்மாவின் சீமந்த புத்திரனா என்பது முக்கியமன்று. மற்றவர்களைவிட ஓரிரண்டு வயது மூத்தவனாக இருத்தல், நாலு முழ வேஷ்டியை அவிழாமல் கட்டத் தெரிந்திருத்தல், எந்தக் கேள்விக்கும் ‘தெரியாது’ என்று விடை சொல்லாதிருத்தல் ஆகிய லக்ஷணங்கள் பொருந்தினால் போதும். தேர்தலோ அபிஷேகமோ இல்லாமலே அவனுடைய ராஜ்யபாரம் ஆரம்பமாகிவிடும்.

கும்பகோணத்தை அடுத்த காவிரிக் கரைக் கிராமம் ஒன்றில், 1950களின் கோடைகளில், இந்த இனத்தின் உத்தமப் பிரதிநிதி ஒருவனுடைய பிரஜையாக வாழும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவனுடைய நீதி பரிபாலனத்தின் மேன்மையை மாம்பழம் பங்கிடும் வேளையில்தான் பூரணமாகக் காணலாம். பாட்டி வைக்கோலில் பழுக்க வைத்த பழங்களை எடுத்துக் கொடுத்ததும், அரிவாள்மணையின் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் கதுப்புகளைச் சரிசமமாக நறுக்கிக் கொடுத்துவிட்டு, “எனக்கு ஒன்றும் வேண்டாம், கொட்டை போதும்” என்று அவன் சொல்லும்போது, அந்தத் தியாகத்தைக் கண்டு பாட்டிக்குக் கண் கலங்கும். கதுப்புகள் வெற்றிலைக் கனத்துக்குமேல் இராமலும், கொட்டை மட்டும் முக்கால் பழமாக இருக்கும்படியும் நறுக்குகிற வித்தை அவன் கைக்கு எப்படி வந்தது என்று பாட்டி ஒருநாளும் விசாரித்ததில்லை.

பொருளாதார விஷயத்திலும் அவன் சாமானியன் அல்லன். 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா அமலுக்கு வந்தது. தாத்தா வழக்கப்படி ஆளுக்கு ஓரணாவாக, நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு கால் ரூபாயை அவன் கையில் கொடுப்பார். ஓரணாவுக்கு 6 நயா பைசா என்று அரசாங்கத்தின் மாற்று அட்டவணையே சொல்லிவிட்டது. ஆகவே ஆளுக்கு ஆறாக இருபத்து நான்கை எண்ணிக் கொடுப்பான். ஆனால் அதே அட்டவணைப்படி நாலணாவுக்கு 25 நயா பைசா அல்லவா? மிஞ்சிய ஒன்று ‘சபைச் செலவு’க்குப் போய்ச் சேரும். சபை எப்போது கூடியது, என்ன செலவு செய்தது என்று கேட்ட என் அத்தை பெண்ணுக்கு, நாணய சீர்திருத்தத்தைப் பற்றி அவன் செய்த பிரசங்கம் அரை மணி நேரம் நீடித்தது. டில்லியில் எந்த மந்திரிக்கும் தோன்றாத லாபத்தை ஒரு சிறுவன் கண்டுபிடித்தான் என்பதை, பறிகொடுத்தவர்களில் ஒருவன் என்ற முறையில், இப்போது நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அவன் எங்களுக்கு நீச்சல் கற்பித்ததுதான். மேட்டூர் அணையை ஜூன் மாதத்தில் திறந்து, தண்ணீர் எங்கள் கரைக்கு வந்து சேருவதற்குள் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடும். ஆகையால் விடுமுறை முழுவதும் நாங்கள் கண்ட காவிரி அகண்ட மணல்வெளிதான். இந்தச் சிறு அசௌகரியத்தை அவன் பொருட்படுத்தவில்லை. சாயங்காலம் வெயில் தணிந்ததும் எங்களை வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்து, “கையை வீசு! காலை உதை! மூச்சை அடக்கு!” என்று கரையில் நின்று கட்டளையிடுவான். மூச்சை ஏன் அடக்க வேண்டும் என்று கேட்டவன் ‘மூழ்கிவிட்டதாக’ அறிவிக்கப்பட்டு, காலைப் பிடித்துக் கரைக்கு இழுக்கப்படுவான். விடுமுறை முடிவில் நாங்கள் அனைவரும் ஆற்றை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தித் தேர்ச்சி பெற்றோம். முழங்கையிலும் முழங்காலிலும் தோல் இல்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுதிகள் வீட்டில் இருந்தன. அவற்றை உரக்கப் படிக்கும் உரிமை அவனுக்கே. நாடகமாக நடிக்கும்போது வந்தியத்தேவன் யார் என்பதில் விவாதமே கிடையாது; குடுமி வைக்கத் தோதான தலைமுடி இருந்தவன் ஆழ்வார்க்கடியான்; பட்டணத்திலிருந்து வந்த சித்தி பிள்ளை, சாது, குதிரை. கதையில் குதிரைக்கு அவ்வப்போது ஓய்வு உண்டு; எங்கள் வீட்டில் அது கொல்லைக் கதவிலிருந்து வாசல் திண்ணை வரை ஓயாமல் ஓடியது.

இரவு மொட்டை மாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கையில், புளியமரத்து முனியைப் பற்றி அவன் சொல்லும் கதைகளைக் கேட்டு நாங்கள் உறைந்துபோவோம். பிறகு நடுநிசியில் எங்களில் கடைசிப் பொடியனைத் தட்டி எழுப்பி, “கொல்லைக்குப் போகவேண்டுமா? பயப்படாதே, நான் துணைக்கு வருகிறேன்” என்பான். பொடியனுக்கு அப்படி ஓர் அவசியமும் இராது. ஆனாலும் அண்ணனின் கருணையை மறுக்க மனமில்லாமல், தூக்கக் கலக்கத்தோடு முன்னால் நடப்பான்.

இத்தனைக்கும், கிணற்று ராட்டினத்தில் நாங்கள் ஊஞ்சல் ஆடிக் கயிறும் பித்தளைக் குடமும் ஒருங்கே உள்ளே போன தினத்தில், தாத்தா பிரம்புடன் வந்து “யாரடா?” என்று கர்ஜித்தபோது, அந்தச் சமயம் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த அவன்தான் எழுந்து வந்து, “நான்தான் தாத்தா” என்று கையை நீட்டினான். அந்த அடிக்காக எங்களிடம் அவன் வசூலித்த முறுக்குக்கும் தேன்குழலுக்கும் கணக்கே இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஜாதி மனிதர்கள் வயதால் மாறுவதில்லை. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பட்டத்து அண்ணனை உக்கிராண அறை வாசலில், இடுப்பில் சாவியும் தோளில் துண்டுமாக இன்றும் காணலாம். அவரை யாரும் நியமித்திருக்க மாட்டார்கள். முன்பொரு தை மாதக் கல்யாணத்தில் அந்தப் பழைய குதிரையும் வந்திருந்தான். அப்போது சப் ஜட்ஜ். வக்கீல்கள் அவன் எதிரில் இருமக்கூட யோசிப்பார்களாம். பட்டு வேஷ்டி கசங்காமல் முன்வரிசை நாற்காலியில் வீற்றிருந்தவனை அண்ணன் உள்ளேயிருந்து பார்த்துவிட்டார்.

“டேய், அங்கே என்னடா உட்கார்ந்திருக்கே? மோர் வாளியை எடு!”

சப் ஜட்ஜ் எழுந்து, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எந்தப் பந்திக்கு அண்ணா?” என்று கேட்டான்.