பவுன் மாமி

இலங்கையின் மேற்குக் கரையிலுள்ள உடப்பில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் ஒருத்தி பால்மாவோடு வருவாள், இன்னொருத்தி பேபி சோப்போடு வருவாள். பவுன் மாமி அவசரப்படமாட்டார். முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியட்டும் என்று பொறுத்திருந்து வருவார். பிள்ளை யார் சாயல் என்று ஆராய்வது மற்றவர்கள் வேலை. மாமியின் கண் கழுத்தில் தொடங்கி, கை, இடுப்பு, கால் என்று இறங்கும். பாதத்தை எட்டுவதற்குள் கணக்குக் கூட்டி முடிந்திருக்கும்.

"என்னா புள்ள, வெறுங்கழுத்தா போட்டு வெச்சிருக்க? தகப்பன் கடலுக்குப் போறானா, இல்லையா?"

மாப்பிள்ளையின் வருமானம், குடிப்பழக்கம், சீதன பாக்கி மூன்றையும் ஒரே கேள்வியில் விசாரிக்க மாமியால்தான் முடியும்.

அவரை உடப்பில் மட்டும் தேட வேண்டியதில்லை. கற்பிட்டிக்குப் போனால் அவர் உம்மும்மா, கையில் தாயத்து இருக்கும். சிலாபத்தில் ஆச்சி. மாரவிலப் பக்கம் மாதா பதக்கத்தோடு வந்து பாதிச் சிங்களத்தில் அதட்டுவார். மதம் எதுவானாலும் 916 முத்திரையில் மட்டும் இந்தக் கரையோரத்தில் கருத்து வேறுபாடு கிடையாது.

மாமி முதலில் சிபாரிசு செய்வது பஞ்சாயுதம். சங்கு, சக்கரம், கதை, வாள், வில். பெருமாளின் ஐந்து ஆயுதங்களையும் பல் முளைக்காத ஒரு ஜீவனின் கழுத்தில் மாட்டிவிட்டால் காத்து கறுப்பு அண்டாது என்பது ஏற்பாடு. காத்து கறுப்பு என்ன ஆனதோ தெரியாது, பிள்ளை ஐந்தாம் மாதத்தில் அந்த ஆயுதங்களோடு நேரடிப் போரில் இறங்கிவிடும். வாளின் முனையும் வில்லின் முனையும் ஈறு தினவுக்கு அத்தனை வாகு. சங்கிலி பெரிதாக இருந்தால் மாமியே சட்டையோடு சேர்த்து ஓர் ஊக்குக் குத்திவிடுவார். ஆறாவது ஆயுதம் அது. திறந்த ஊக்கு தொண்டையில் இறங்கினால் மற்ற ஐந்தும் சேர்ந்தாலும் காப்பாற்ற முடியாது.

கிளினிக் நாளில் மாமியும் கூடப் போவார். தொங்கு தராசில் பிள்ளையைப் போடுமுன் நகையைக் கழற்றச் சொல்வார் மிட்வைஃப். மாமிக்குச் சுருக்கென்று கோபம் வரும். "போட்டபடியே நிறுங்க மிஸ், அதுவும் புள்ளட பாரம்தானே." ஒரு பவுன் எட்டுக் கிராம். சங்கிலி, காப்பு, கொலுசு எல்லாமாக இரண்டு பவுன் என்றாலும் பதினாறு கிராம்தான். அந்தத் தராசின் முள் அதை மதிக்கவே மதிக்காது. ஆனால் வளர்ச்சி வரைபடத்தில் கோடு கொஞ்சம் கீழே சரிந்ததும், நகையைக் கழற்றியதால்தான் பிள்ளை இளைத்தது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

இப்படி எழுதுவதால் மாமியை விவரமற்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. சில விஷயங்களில் அவரை அடிக்க ஆளில்லை. மருமகள் போனில் பார்த்து, பல் முளைக்கிற வலிக்கு நல்லதென்று ஓர் அம்பர் மணிமாலைக்கு ஆர்டர் கொடுத்தாள். மாமி ஒரு மணியை உருட்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார்.

"என்னா இது?"

"பழங்காலத்து மரப்பிசின் மாமி. லட்சக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது."

"பிசினுக்கா இந்தக் காசு?"

விவகாரம் அத்தோடு முடிந்தது. அந்த மாலை வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தூக்கத்தில் அம்பர் மாலை கழுத்தை இறுக்கிப் பதினெட்டு மாதக் குழந்தை ஒன்று இறந்ததைச் சுட்டிக்காட்டி, இத்தகைய மாலையும் காப்பும் வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. மாமி ஓர் எழுத்துக்கூடப் படிக்காமல் அதே முடிவுக்கு வந்துவிட்டார். ஆனால் தங்கச் சங்கிலியும் தூக்கத்தில் அதே வேலையைச் செய்யும் என்று சொல்லிப் பாருங்கள். "தங்கம் அப்படிச் செய்யாது" என்பார், சொந்தக்காரப் பையனுக்காகப் பரிந்து பேசுவது மாதிரி.

கவரிங் விஷயத்திலும் அப்படித்தான். முன்னேஸ்வரம் திருவிழாவிலோ தலவில் சந்தன மாதா திருநாளிலோ வளையல் கடையில் யாராவது பிள்ளைக்குக் காப்பு வாங்கினால் மாமி தட்டிவிடுவார். "ஒரு மாசத்துல கறுத்துப் போகும், ஊரே சிரிக்கும்." மாமியின் பயம் ஊர்ச் சிரிப்புக்கு. பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மட்டமான உலோகத்தில் நிக்கல் இருந்தால் இந்தக் கரையின் வியர்வையும் உப்பும் சேர்ந்து தோல் தடித்துச் சிவக்கும். ஈயம் இருந்தால் கதையே வேறு. 2006இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் நான்கு வயதுப் பையன் ஒருவன், சப்பாத்தோடு இலவசமாகக் கொடுத்த காப்பில் தொங்கிய இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்தான். அது கிட்டத்தட்ட முழுவதும் ஈயம். அந்த வகையில் மாமியின் 22 கரட் பிடிவாதம், காரணம் பிழையானாலும், நல்ல பிடிவாதம்.

மாமி சறுக்குவது உலோகத்தில் அல்ல, அளவில். தன் மூத்த பேரன் தோட்டுச் சுரையை விழுங்கிய கதையை அவர் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார். "கோழிக்கூட்டுப் பழம் ரெண்டு ஊட்டினேன். மூணு நாள் ஈர்க்கை வெச்சுக் கிளறினேன். மூணாம் நாள் பளிச்சுனு தெரிஞ்சுது பாரு!" மஞ்சள் தண்ணீரில் கழுவி அன்றைக்கே காதில் போட்டாயிற்று. பொன்னுக்கு ஏது தீட்டு? அந்தச் சுரை உணவுக்குழாயில் இறங்கியது பையனின் அதிர்ஷ்டம். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் அதன் சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அதில் அடைத்தால் மூன்று நாள் கிடையாது, சில நிமிடம்தான். பழமும் உதவாது. ஒரு வயதுக்குள் என்றால், பிள்ளையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, உள்ளங்கையின் அடிப்பகுதியால் முதுகில் ஐந்து தட்டு. பக்கத்தில் இருப்பவர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும்.

பிள்ளைகள் நடுவே பொன் புழங்குவது புதிதுமல்ல. சங்க நூலான பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வந்த கோழிமேல் காதணியைக் கழற்றி வீசுவார்கள். அது காலில் பொன்னணிந்த சிறுவர்களின் மூன்று சக்கரத் தேருக்குக் குறுக்கே கிடக்கும். கடலோரத் தமிழருக்குத் தங்கத்தைத் தரையில் போடுவது பழைய பழக்கம் என்று தெரிகிறது. அந்தக் காதணி நல்ல கனமாம். அதனால் விழுங்குகிற ஆபத்து குறைவு.

மருமகள் ஒருநாள் துணிந்து ஒரு சோதனை வைத்தாள். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாமான்களைச் சோதிக்க 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டைக்கு ஆபத்து. வீட்டிலிருந்த ஒரு பிளாஸ்டிக் குழாயை அளந்து வெட்டி, மாமி கொடுத்த சீரையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள். தோடு விழுந்தது. சுரை விழுந்தது. மோதிரம் விழுந்தது. கொலுசில் கழன்ற சலங்கை, வசம்பு மணி, பஞ்சாயுதம், எல்லாம் விழுந்தன. தட்டையான காப்பு ஒன்று மட்டும் வாயில் தங்கி நின்றது.

மாமி குழாயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை பெருசு புள்ள. சின்னதா ஒண்ணு எடு."

ஒரு வழியும் இல்லையென்று இருந்தபோது தென்மேற்குப் பருவக்காற்றுதான் கைகொடுத்தது. மே தொடங்கிக் கடல் கொந்தளிக்கும்; வள்ளம் கரையேறும்; கரைவலையும் ஓயும். பவுன் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டிய காலத்தில் பிள்ளையின் உடம்பில் கிடப்பதுதான் வீட்டின் வைப்புக் கணக்கு. வைகாசியில் கொலுசு பாங்குக்குப் போனது. ஆனியில் சங்கிலி, பஞ்சாயுதத்தோடு. பிறகு காப்பு, அரைஞாண். திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பு வந்தபோது பிள்ளையிடம் மிஞ்சியது ஒரு கறுப்புக் கயிறுதான். வரலாற்றில் பிள்ளை அத்தனை பத்திரமாக இருந்ததே இல்லை.

ஆனால் தீமிதிப்பன்று ஊரே பார்க்குமே. கோவில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு வெறுங்கழுத்தை வெறித்தபோது மருமகளுக்கு நா எழவில்லை. மாமிதான் முன்னே வந்தார்.

"மூணு வயசு மட்டும் ஒண்ணும் போடக்கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டார். முழுங்கிப்புடுமாம். தூக்கத்துல இறுக்குமாம். ஒங்களுக்குத் தெரியாதா?"

சொன்ன வேகத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மோதிரத்தையும் கழற்றி அதன் தாய் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஆடியில் உடப்பில் நாலைந்து பிள்ளைகள் மாமியின் வைத்திய ஆலோசனையால் இலேசானார்கள். அவர்கள் வீட்டுக் கொலுசுகளும் எங்கே இருந்தன என்று மாமி கேட்கவில்லை.

புரட்டாசி கழிந்து கடல் அடங்கியது. வலையில் நல்ல மீன் படத் தொடங்கிய முதல் வாரமே மாமி படியேறி வந்து, பிள்ளையின் கழுத்தைப் பார்த்துவிட்டு மருமகளிடம் கேட்டார்: "ஏன் புள்ள, அந்த டொக்டர் இடம் மாறிப் போயிட்டாராமே?"